எங்கள் கம்பெனியில் முதலீடு செய்ய வருகிறார்கள், அப்பா பயப்படுகிறார்

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 34. பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். உடன் படித்த நண்பரோடு சேர்ந்து இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினார். ஆலைக் குழாய்களின் மேல் சுற்றியிருக்கும் வெப்பக் காப்புறையைப் பிரிக்காமலே, உள்ளே இரும்பு எங்கே அரித்திருக்கிறது என்று காட்டும் கருவியைச் செய்திருக்கிறார்கள். மணலியில் ஓர் ஆலையில் எட்டு மாதமாகச் சோதனை ஓட்டம் நடக்கிறது. ஆலைக்காரர்கள் ஆர்டர் கொடுக்க இன்னும் ஒன்றரை வருடமாவது ஆகும் என்று அவரே கணக்குப் போட்டிருக்கிறார். இதுவரை 10 லட்ச ரூபாய் அரசு மானியத்திலும் அப்பா கொடுத்த 18 லட்சத்திலும் வண்டி ஓடியிருக்கிறது. அப்பா லேத் பட்டறை நடத்தி ஓய்ந்தவர். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் அந்தப் பணத்தைப் புரட்டினார்.

இப்போது, ஆரம்ப நிலையில் இருக்கும் டீப் டெக் (ஆழ்ந்த ஆராய்ச்சியிலிருந்து பிறக்கும் தொழில்நுட்ப) கம்பெனிகளில் மட்டும் முதலீடு செய்யும் ஒரு வென்ச்சர் கேபிட்டல் நிறுவனம் டேர்ம் ஷீட், அதாவது முதலீட்டு நிபந்தனைகளின் சுருக்கப் பட்டியல், அனுப்பியிருக்கிறது. 5 கோடி ரூபாய்க்கு 20 சதவீதப் பங்கு. ஊழியர்களுக்கான பங்குகளுக்கு 10 சதவீதம் ஒதுக்க வேண்டும். கம்பெனியின் டைரக்டர்கள் போர்டில் அவர்களுக்கு ஓர் இடம். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

அவர் எழுதுகிறார்: "அங்கிருந்து வரும் தம்பி ரொம்ப நல்ல மாதிரி. மூன்று முறை லேபுக்கு வந்தார். 'அக்கா, முடிஞ்ச மாதிரிதான்' என்கிறார். அவர்கள் வெப்சைட்டில் ஆலோசகராகப் படம் போட்டிருக்கும் ஓய்வுபெற்ற விஞ்ஞானி எங்களுக்கு வழிகாட்டுவார் என்று நம்புகிறேன். சொந்தப் பணத்தைப் போடுகிறவர்கள் எங்களைக் கைவிட மாட்டார்கள்தானே? ஆனால் அப்பா தூங்குவதில்லை. 'பணம் கொடுக்கிறவன் நாளைக்கு நாற்காலியையும் கேப்பான். கம்பெனி விழுந்தா வீடும் போயிடும்' என்கிறார். கையெழுத்துப் போடலாமா?"

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் பயப்படும் இரண்டு விஷயத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஆபத்து அவர் பார்க்கும் திசையிலிருந்து வரவில்லை. உங்கள் கடிதத்தில் பங்கு சதவீதம், மதிப்பீடு, கருவி பற்றியெல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதில்தான் தெளிவு போதவில்லை. கம்பெனிச் சட்டத்தில் தொழில் செய்யும் எனக்கு, டேர்ம் ஷீட்டை விட அதுதான் கவலை தருகிறது.

அது யாருடைய பணம்?

"சொந்தப் பணத்தைப் போடுகிறவர்கள்" என்கிறீர்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. இந்தியாவில் இப்படிப்பட்ட ஃபண்டுகள், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2012-ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி விதிமுறைகளின்கீழ் பதிவாகின்றன. வென்ச்சர் கேபிட்டல் ஃபண்ட் அதில் முதல் வகையில் வரும். பணக்காரக் குடும்பங்கள், கம்பெனிகள், சிட்பி போன்ற அரசு சார்ந்த நிறுவனங்கள் ஆகியோர் போட்ட பணம் அது. பொதுவாக ஒரு முதலீட்டாளர் குறைந்தது 1 கோடி போட வேண்டும். ஃபண்டை நடத்துகிறவர்கள் தங்கள் பங்காகப் போட்டே ஆக வேண்டிய தொகை, மொத்தத்தில் 2.5 சதவீதம் அல்லது 5 கோடி, இரண்டில் எது குறைவோ அது. 100 கோடி ஃபண்ட் என்றால் இரண்டரைக் கோடி. மீதி முழுக்க அடுத்தவர் பணம்.

இதனால் அவர்கள் மோசமானவர்கள் ஆகிவிடவில்லை. அடுத்தவர் பணத்துக்குப் பொறுப்பேற்றவர்கள், அவ்வளவுதான். அந்தப் பணத்துக்குக் கெடு உண்டு. ஃபண்டின் ஆயுள் வழக்கமாக எட்டிலிருந்து பத்து வருடம். போட்ட பணத்தின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு வைத்திருக்கும் முதலீட்டாளர்கள் ஒப்புக்கொண்டால் இரண்டு வருடம் வரை நீட்டலாம். அதற்குள் வாங்கிய பங்கையெல்லாம் விற்றுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நடத்துகிறவர்களுக்கு வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம், கடைசியில் லாபத்தில் சுமார் 20 சதவீதம் என்பது இந்தத் தொழிலின் வழக்கம்.

இப்போது ஒரு கணக்கு. 100 கோடி ஃபண்ட் இருபது கம்பெனிகளில் பணம் போடுகிறது என்று வையுங்கள். அதில் பாதிக்கு மேல் தேறாது என்பது அவர்களுக்கே தெரியும். அதனால் ஒவ்வொரு கம்பெனியைப் பார்க்கும்போதும் "இது ஒன்றே மொத்த ஃபண்டையும் திருப்பித் தருமா" என்றுதான் யோசிப்பார்கள். உங்களிடம் அவர்களுக்கு இருக்கும் 20 சதவீதம் அடுத்தடுத்த முதலீடுகளில் கரைந்து 10 ஆகும். அந்த 10 சதவீதம் 100 கோடி ஆக வேண்டுமென்றால் உங்கள் கம்பெனி 1,000 கோடி மதிப்பை எட்ட வேண்டும். வருடம் 30 கோடிக்கு விற்று, ஐம்பது பேருக்குச் சம்பளம் கொடுத்து, கடனில்லாமல் ஓடும் கம்பெனி உங்கள் அப்பாவின் கண்ணுக்குக் கோயில். பட்டறை நடத்தியவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஃபண்டுக்கு அது தோல்விக்குப் பக்கத்தில் இருப்பது. நீங்களும் நண்பரும் இந்தப் பத்து நாளில் உட்கார்ந்து பேச வேண்டியது முதலில் இதைத்தான். எந்தக் கம்பெனி உங்களுக்கு வேண்டும்? 30 கோடி கம்பெனிதான் ஆசை என்றால் இந்தப் பணம் வேண்டாம். மானியம், ஆலையிடம் முன்பணம், கொஞ்சம் வங்கிக் கடன் என்று மெதுவாகப் போங்கள்; அதில் குறைவொன்றும் இல்லை.

பெரிய கம்பெனிதான் என்றால், ஃபண்டின் வயதைக் கேளுங்கள். டீப் டெக் மெதுவாக விளையும் பயிர். மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் 2013-ல் தொடங்கியது. முதல் ஸ்கூட்டர் வாடிக்கையாளர் கைக்குப் போனது 2018-ல், பங்குச் சந்தைக்கு வந்தது 2025 மே மாதம். ராக்கெட் செய்யும் அக்னிகுல் 2017-ல் தொடங்கி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது 2024 மே 30 அன்று. ஏழு வருடம்! உங்களிடம் வந்திருக்கும் ஃபண்ட் எட்டு வருட ஆயுளில் நான்காவது வருடத்தில் இருந்தால், உங்கள் ஆலை ஆர்டர்கள் சூடுபிடிக்கும் நேரத்தில் அவர்கள் விற்றுவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். "இந்த ஃபண்டின் ஆயுள் எந்தத் தேதியில் முடிகிறது? அடுத்த சுற்றில் எங்களுக்குப் போடப் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா?" இரண்டையும் நேரடியாகக் கேளுங்கள். நல்லவர்கள் தயங்காமல் சொல்வார்கள். செபி இணையதளத்தில் பதிவுபெற்ற ஃபண்டுகளின் பட்டியல் இருக்கிறது. பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

தம்பி, பார்ட்னர், விஞ்ஞானி

லேபுக்கு வரும் அந்தத் தம்பி உண்மையாகவே நல்ல பிள்ளையாக இருக்கலாம். உங்கள் கருவியைப் புரிந்துகொண்டு, அலுவலகத்தில் உங்களுக்காக வாதாடுகிறவரும் அவராகவே இருக்கலாம். ஆனால் அவர் அசோசியேட், அதாவது கீழ்நிலை அலுவலர். காசோலை அவர் கையில் இல்லை. ஃபண்டை நடத்தும் பார்ட்னர்கள் உட்காரும் இன்வெஸ்ட்மென்ட் கமிட்டிதான் முடிவெடுக்கும். "முடிஞ்ச மாதிரிதான்" என்ற சொல்லை நம்பி ஆள் எடுக்காதீர்கள், வாடகைக்கு இடம் பிடிக்காதீர்கள். டேர்ம் ஷீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகும் பணம் நிச்சயம் இல்லை. அதில் பொதுவாகச் சட்டப்படி கட்டுப்படுத்துவது இரண்டே அம்சம்: ரகசியம் காப்பது, குறிப்பிட்ட நாள்வரை வேறு முதலீட்டாளரிடம் பேசாமல் இருப்பது. அதாவது நீங்கள் கட்டுப்படுகிறீர்கள், அவர்கள் இன்னும் கட்டுப்படவில்லை. அந்தக் காலம் 45 நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிறுவனங்கள் மிகச் சிறியவை. இரண்டு மூன்று பார்ட்னர்கள், அவர்களுக்குக் கீழே ஐந்தாறு பேர். சென்னையிலிருந்தே இயங்கும் ஸ்பெஷாலே இன்வெஸ்ட் என்றால், அதைத் தொடங்கிய விஷேஷ் ராஜாராம், அர்ஜுன் ராவ் இருவரின் பெயர்தான் இங்கே எல்லார் நினைவுக்கும் வரும். அக்னிகுல் வெறும் யோசனையாக இருந்த காலத்திலேயே அதில் பணம் போட்டவர்கள் அவர்கள். இந்தத் தொழிலில் நிறுவனம் என்பதே அந்த இரண்டு மூன்று ஆட்கள்தான். அதனால் உங்களிடம் வந்திருப்பவர்களில் எந்த பார்ட்னர் உங்கள் போர்டில் உட்காரப் போகிறார், அவர் ஏற்கெனவே எத்தனை போர்டுகளில் இருக்கிறார் என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கடிதத்தில் ஒரு பார்ட்னரின் பெயர்கூட இல்லை. நீங்கள் இன்னும் ஒருவரையும் சந்திக்கவில்லை என்றே படுகிறது.

என்னிடம் வந்த ஒருவரின் அனுபவம் இது. மருத்துவக் கருவி செய்பவர். அவர் கம்பெனியை நம்பிப் பணம் போட்ட பார்ட்னர் இரண்டாவது வருடமே ஃபண்டை விட்டுப் போய்விட்டார். பதிலுக்கு போர்டில் வந்தவர் மென்பொருள் கம்பெனிகளில் பழகியவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை "இன்னும் ஏன் விற்பனை இல்லை" என்று கேட்பார். மருத்துவமனைச் சோதனைக்கு ஒன்றரை வருடம் ஆகும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் முதலிலிருந்து விளக்குவார் இவர். இதற்கு முழுத் தடுப்பு இல்லை. ஃபண்டுக்குள் யார் இருப்பது, யார் போவது என்பது அவர்களுக்கும் அவர்களுடைய முதலீட்டாளர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். அதில் உங்களுக்கு இடமில்லை. ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் இப்படி எழுதலாம்: போர்டுக்கு வருபவர் ஃபண்டின் பார்ட்னராக இருக்க வேண்டும், மாற்றுவதற்கு முன் நிறுவனர்களைக் கலந்து பேச வேண்டும்.

ஃபண்டின் சார்பில் போர்டில் வரும் நாமினி டைரக்டர் ஃபண்டின் ஆள்தானே என்று நினைக்கலாம். 2013 கம்பெனிச் சட்டம் 166-ஆம் பிரிவின்படி எந்த டைரக்டரும் கம்பெனியின் நலனுக்காகத்தான் நடக்க வேண்டும். நாமினிக்கு விலக்கு கிடையாது. அதனால்தான் ஃபண்டுகள் தங்கள் முக்கியமான தடுப்பு உரிமைகளை டைரக்டர் மூலமாக வைக்காமல் பங்குதாரர் என்ற முறையில் வாங்கிக்கொள்கின்றன. உங்கள் டேர்ம் ஷீட்டில் அவர்கள் சம்மதமில்லாமல் செய்யக்கூடாத காரியங்கள் 31 இருக்கின்றன என்கிறீர்கள். பங்கு வெளியிடுவது, கம்பெனியை விற்பது போன்றவை நியாயம். 2 லட்சத்துக்கு மேல் எந்தச் செலவுக்கும் அனுமதி என்பது நியாயமில்லை. உங்கள் சென்சார் செட் ஒன்றின் விலையே மூன்றரை லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு செட்டுக்கும் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க முடியுமா? ஒப்புக்கொண்ட வருட பட்ஜெட்டுக்குள் எந்தச் செலவுக்கும் அனுமதி தேவையில்லை என்று மாற்றச் சொல்லுங்கள்.

விஞ்ஞானி விஷயம். ஆலோசகர்கள் பலர் மாதத்தில் சில மணி நேரம்தான் தருவார்கள். உங்களுக்கு எவ்வளவு நேரம் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். அவரிடம் சிக்னலைப் பிரித்தெடுக்கும் முறையைப் "வெள்ளைப் பலகையில் வரைந்தே விளக்கினேன்" என்று எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கொஞ்சம் படபடத்தது. ஃபண்டுகள் பொதுவாகப் பேச்சின் தொடக்கத்தில், ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. இனி எதையும் வரைவதற்கு முன், கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைத் தாக்கல் செய்யுங்கள். முழு விண்ணப்பத்துக்கு 12 மாத அவகாசம் கிடைக்கும். ஸ்டார்ட்அப்களுக்குக் கட்டணமும் குறைவு. முனைவர் ஆராய்ச்சியில் பிறந்த பகுதி கல்வி நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். அப்படியானால் அவர்களிடம் எழுத்தில் உரிமம் வாங்கியிருக்கிறீர்களா என்பதை ஃபண்டின் வக்கீல் முதல் நாளே கேட்பார்.

நாற்காலி

அப்பாவின் முதல் பயத்துக்கு வருவோம். 20 சதவீதம் வைத்திருக்கும் ஃபண்ட் தனியாக உங்களை டைரக்டர் பதவியிலிருந்து நீக்க முடியாது. சட்டப்படி சாதாரணத் தீர்மானம் வேண்டும், அதாவது வாக்குகளில் பாதிக்கு மேல். ஆனால் கூட்டிப் பாருங்கள். உங்களுக்கு 35, நண்பருக்கு 35, ஃபண்டுக்கு 20. ஊழியர்களுக்கு ஒதுக்கிய 10 இன்னும் பங்காக மாறாததால் அதற்கு வாக்கு இல்லை. நண்பரும் ஃபண்டும் சேர்ந்தால் 90-ல் 55. ஆபத்து அங்கே இருக்கிறது. ஃபண்டும் நீங்களும் சேர்ந்தால் நண்பருக்கும் அதே கதிதான். இன்று இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறீர்கள். அதனால்தான் இப்போதே எழுதிவைப்பது சுலபம். நீக்கும் உரிமையைச் சட்டம் பங்குதாரர்களுக்குக் கொடுத்திருப்பதால் அதை அடியோடு எடுத்துவிட முடியாது. ஆனால் குறிப்பிட்ட அளவு பங்கு இருக்கும்வரை ஒவ்வொரு நிறுவனருக்கும் போர்டில் இடம் உண்டு, அதற்கெதிராக யாரும் வாக்களிப்பதில்லை என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதி, அதைக் கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸ் எனப்படும் உள்விதிகளிலும் சேர்க்க வேண்டும். ஆர்ட்டிகிள்ஸில் ஏறாத ஏற்பாடு பிறகு நீதிமன்றத்தில் தள்ளாடும்.

உங்கள் பங்குகள் நான்கு வருடத்தில் சிறிது சிறிதாகத்தான் உங்களுக்கு உறுதியாகும் என்ற நிபந்தனை வழக்கமானதுதான். ஏற்கெனவே உழைத்த இரண்டரை வருடத்தையும் அதில் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். "சரியாகச் செயல்படாததால்" விலக்கப்பட்டால் பங்கு முழுதும் போகும் என்ற வரி இருந்தால் விடாதீர்கள். மோசடி, கையாடல் போன்ற காரணங்களுக்கு மட்டும்தான் அது பொருந்த வேண்டும்.

வீடும் 14-வது அம்சமும்

ஃபண்டு தருவது கடன் இல்லை, பங்கு முதலீடு. கம்பெனி விழுந்தால் அவர்கள் பணமும் போகும். அதற்காக அம்பத்தூர் வீட்டு வாசலில் வந்து நிற்க முடியாது. இதை அப்பாவிடம் சொல்லலாம். ஆனால் நீங்கள் நகலெடுத்து அனுப்பிய பக்கத்தில் 14-வது அம்சத்தைப் படித்துக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். ஆறாவது வருட முடிவுக்குள் "கம்பெனியும் நிறுவனர்களும்" முதலீட்டாளர் வெளியேற வழி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பங்கைத் திரும்ப வாங்க வேண்டும் என்று இருக்கிறது. "நிறுவனர்களும்" என்ற அந்த ஒரு சொல் அங்கே இருந்தால், கெடு தாண்டியதும் உங்கள் தலையில் சொந்தக் கடனைப் போலவே வந்து உட்காரும். அடித்துவிடச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் நீங்கள் தரும் உறுதிமொழிகள் பொய்யானால் சொந்தப் பொறுப்பு என்ற வரியும் வரும். மோசடி தவிர மற்றதற்கெல்லாம் உச்சவரம்பு கேளுங்கள். ஒன்றிரண்டு வருடச் சம்பள அளவுக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அப்பாவின் 18 லட்சம்

இது நீங்கள் கேட்காத கேள்வி. எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் உறுத்துகிறது. அந்தப் பணம் மூன்று தவணையாக நேரே கம்பெனிக் கணக்கில் ஏறி, கணக்குப் புத்தகத்தில் "அப்பா" என்ற பெயரில் நிற்கிறது. பிரைவேட் கம்பெனி டைரக்டரின் உறவினரிடம் பணம் வாங்கலாம். ஆனால் அது கடன் வாங்கிக் கொடுத்த பணம் இல்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். உங்கள் அப்பா வீட்டை வைத்துக் கடன் வாங்கித்தான் கொடுத்தார். அப்படி எழுதினால் பொய். எழுதாவிட்டால் அது, கம்பெனிகள் வெளியாரிடம் பணம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் டெபாசிட் விதிகளில் சிக்கும். ஸ்டார்ட்அப்களுக்கான கன்வெர்ட்டிபிள் நோட் (பிறகு பங்காக மாற்றக்கூடிய கடன்) விலக்கும் உதவாது. அதற்கு ஒருவரிடமிருந்து ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் வந்திருக்க வேண்டும்.

பதற வேண்டாம், முதல் முறை கம்பெனி நடத்தும் பல குடும்பங்களில் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஆனால் டியூ டிலிஜென்ஸில், அதாவது பணம் போடுவதற்கு முன் கணக்குகளைத் துருவிப் பார்க்கும்போது, அவர்கள் கண்டுபிடிப்பதைவிட நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஆடிட்டரையும் கம்பெனி செக்ரட்டரியையும் சேர்த்து உட்கார வைத்து, இதை எப்படி ஒழுங்குபடுத்துவது, எவ்வளவு அபராதம் வரும் என்று இந்த வாரமே பேசுங்கள். அப்புறம் ஃபண்டிடம், வரும் 5 கோடியில் முதல் செலவாக அந்த 18 லட்சத்தைத் திருப்பிக் கொடுக்க அனுமதி கேளுங்கள். பழைய கடனை அடைக்கப் புதுப் பணம் போவதை முதலீட்டாளர்கள் விரும்ப மாட்டார்கள். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது என்று விளக்கினால் பார்ட்னர் என்ன சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு வழி இருக்கிறது. அவர்கள் பணம் போட்டு மூடிப்போன கம்பெனி ஒன்றின் நிறுவனரைப் பிடியுங்கள். அவர்கள் கொடுக்கும் பட்டியலில் அந்தப் பெயர் இருக்காது; நீங்களேதான் தேட வேண்டும். சில வருடங்களுக்கு முன் தரமணியில் ஒரு டீக்கடை வாசலில் நின்று என் கட்சிக்காரர் இப்படி ஒருவருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு அவர் சொன்னது: "கடைசி மாசம் அந்த ஃபண்ட் பார்ட்னர் தினமும் ஃபோன் பண்ணுவார் சார். பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. பசங்களுக்கு ரெண்டு மாசச் சம்பளம் கொடுத்துட்டு மூடுங்கன்னு அவர்தான் சொன்னார். என்னோட அடுத்த வேலைக்கும் அவர்தான் பேசினார்." என் கட்சிக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "சார், மத்ததை நீங்க பாத்துக்குங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். மதிப்பீட்டில் இன்னொரு ஃபண்ட் அதிகம் கொடுத்திருந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்து நாள் போதாது. இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். கொடுக்க மறுத்தால் அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பார்ட்னரை நேரில் சந்தியுங்கள். தம்பி மூலமாக வேண்டாம். வக்கீலைப் பார்க்கப் போகும்போது டேர்ம் ஷீட்டோடு, அந்த மூன்று தவணைக்கான வங்கி ஸ்டேட்மெண்ட், அப்பாவின் கடன் ஒப்புதல் கடிதம், அடமானப் பத்திர நகல் மூன்றையும் எடுத்துப் போங்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டிப் போங்கள்.